மக்கட்டூதர் சேர் பொன்னம்பலம் இராமநாதன்

உலகியலில் மக்கள் மேற்கொள்ளும் தொழில்களுள் வழக்குரைத்தல் என்பது அரியதொன்று. தான் அடையாத துன்பத்தைத் தன் துன்பமாகக் கொண்டு, தான் பெறாத பயனுக்காக அவைக்கண் எழுந்து நின்று பேசுதல் அதன் இலக்கணம். வாயிருந்தும் அவையறியாமையாற் பேச மாட்டாதார்க்கு வாயாய் நிற்றலின் அஃது அறத்தின் பாற்படும். ஆயினும் அத்தொழிற்கண் ஓர் இடுக்கண் மறைந்து கிடக்கின்றது. நெடுங்காலம் பிறர்பொருட்டுப் பேசிப் பழகினான் ஒருவன், அப்பிறர்க்கும் வாயுண்டு என்பதனை மறந்துவிடுதல் கூடும். இவ்விரண்டனையும், அஃதாவது அத்தொழிலின் பெருமையையும் எல்லையையும், ஒருவர் வாழ்க்கையிலேயே காண விரும்புவார்க்குச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் சரிதம் தக்கதோர் உரைகல்லாகும். அவர் நியாயவாதியாய்த் தொடங்கி, 30 ஆண்டிற்கு மேல் இலங்கைச் சட்டநிரூபண சபையில் அங்கத்தவராய் வீற்றிருந்து, அரசாங்கத்தார் அனுப்பிய தூதராக அன்றி மக்கள் தூதராய் இருமுறை இலண்டன்மாநகர் சென்று வழக்குரைத்தவர். முன்னைத் தூது வாகை சூடிற்று. பின்னைத் தூது தோல்வியுற்றது. இரண்டும் ஒருங்கு வைத்து எண்ணத்தக்கன.

இராமநாதன் அவர்கள் 1851-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 16-ஆம் நாள் கொழும்பு நகரிலே பிறந்தார்கள். தந்தையார் அருணாசலம் பொன்னம்பல முதலியார். கொழும்புக் கொச்சிக்கடையில் 1857-இல் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தை எடுப்பித்த புண்ணியசீலர். தாயார் செல்லாச்சி அம்மையார். தமையனார் பொன்னம்பலம் குமாரசுவாமி. தம்பியார் பொன்னம்பலம் அருணாசலம். மூவரும் பொதுவாழ்விற் சிறந்து விளங்கினமையின் அக்குடி மூன்று விளக்கேற்றிய மனை போன்றதெனலாம். தாய்வழிப் பாட்டனாராகிய ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார், 1835-இல் சட்டநிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதியாய் நியமிக்கப்பெற்றவர். மாதுலராகிய சேர் முத்துக்குமாரசுவாமி அவர்கள், இங்கிலாந்திலே பாரிஸ்டர் பட்டம் பெற்று, அச்சபையிலும் அமர்ந்து, பாலி மொழியிலுள்ள சுத்தநிபாதம், தாடாவம்சம் முதலியவற்றை 1874-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவர். கலாயோகி ஆனந்தக் குமாரசுவாமி அவர்கள் இப்பெரியாரின் புதல்வரே. சைவக் குடியிற் பிறந்தார் ஒருவர் பௌத்த நூல்களை உலகறியச் செய்தமையை ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும். அயலார் பொருளையும் தம் பொருள்போற் பேணும் அவ்வியல்பு மருகருக்கும் வந்து பொருந்திற்று.

இளமையிற் கொழும்பிலும், பின் சென்னைப் பிரசிடென்சிக் கல்லூரியிலும் கற்று, ஊர் மீண்டு, சட்டப் பேரறிஞராகிய சேர் றிச்சேட் மோர்கன் என்பாரிடம் சட்டம் பயின்று நியாயவாதியானார். அக்காலத்திலே இலங்கை உயர்நீதிமன்றத் தீர்ப்புகள் பல சிதறிக் கிடந்தன. முன்னோர் தீர்ப்பைச் சான்றாகக் காட்டி வழக்காடல் ஆங்கில முறைமை. ஆயினும் காட்டுதற்கு ஏடில்லை. இராமநாதன் அவர்கள் 1820 முதலாகவுள்ள தீர்ப்புகளைத் தேடித் தொகுத்து அச்சேற்றினார்கள். இராமநாதன் தீர்ப்புத் திரட்டு என அவர் பெயராலேயே வழங்கப்பெற்ற அத்தொகுதிகளைப் பிற்காலத்து நியாயவாதிகள் எடுத்தாண்டனர். ஓலைச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த நம் புலவர் பெருமக்கள் செயலோடு ஒப்பிடத்தக்க பணி இது. வழக்கிலே வெல்லும் நாவன்மை ஒன்றே கருதுவார் இத்தகைய பொறுமைப் பணியில் தலையிடார்.

1879-இல் சேர் முத்துக்குமாரசுவாமி அவர்கள் தேகவியோகமாயினார்கள். அவர் வீற்றிருந்த தமிழர் ஆசனத்துக்கு யாவரை நியமிப்பதென்னும் வினா எழுந்தது. அந்நாளில் மக்கள் தெரிவு இல்லை, தேசாதிபதியே நியமிப்பர். கிறிஸ்தோபர் பிறிற்றோ என்னும் நியாயவாதியைச் சிலர் விரும்பினர். யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் இராமநாதன் அவர்களையே நியமித்தல் வேண்டுமெனத் துணிந்து, கூட்டங் கூட்டி, மக்கள் கருத்தைத் திரட்டி, அரசாங்கத்தார்க்கு அறிவித்தார்கள். அப்பொழுது இராமநாதன் அவர்களுக்கு வயது 28. அவ்வாண்டு இறுதியிலேயே நாவலர் பெருமான் சிவபதமெய்தினார்கள். ஆகவே நாவலர் அவர்கள் பொதுவாழ்விலே ஈடுபட்டு நிறைவேற்றிய இறுதிச் செயல்களுள் இந்நியமனமும் ஒன்றாயிற்று.

சபையில் அமர்ந்த இளைஞர், தமிழர் பிரதிநிதி என்னும் பெயரளவிலே தம் கடமையைச் சுருக்கிக் கொண்டாரல்லர். ஏழைகள் சிறுதொகை சேமித்து வைத்தற்கு வாய்ப்பாகத் தபாற்கந்தோரிலே சேமிப்பு வங்கி 1885-இல் ஏற்பட்டமைக்கு அவர் முயற்சியும் காரணமாயிற்று. பௌத்தர்க்குரிய புனித நாளாகிய வைசாகப் பூரணை, அதுகாறும் அரசாங்க விடுமுறை நாளாகக் கொள்ளப்படாதிருந்து, அதே 1885-இல் விடுமுறை நாளாக விதிக்கப்பெற்றது. கிறிஸ்தவத் திருநாள்கட்கு ஓய்வளித்த அரசு, நாட்டு மக்களுட் பெரும்பாலார் சமயத்தைப் புறக்கணித்தல் நீதியன்று எனச் சபையிலே வாதித்தவர்களுள் இச்சைவர் ஒருவர். தம் சமயத்தில் உறைப்புடையான் ஒருவனே பிறன் சமயத்து உறைப்பின் அருமையை அறிவான் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஆயினும் இக்காலத்திலேயே பிறர்பொருட்டுப் பேசுதலின் இடுக்கணும் தலைகாட்டிற்று. 1888-இல் இராமநாதன் அவர்கள், ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையிலே, சோனகர் எனப்படும் இலங்கை முஸ்லிம்கள் குலத்தாலும் மொழியாலும் தமிழரே என நிலைநாட்ட முயன்று ஒரு கட்டுரை படித்தார்கள். சபையிலே முஸ்லிம்கட்குத் தனி ஆசனம் வேண்டுமா, தமிழர் பிரதிநிதியே அவர்க்கும் பேசுதல் சாலுமா என்னும் வினா எழுந்திருந்த காலம் அது. மொழிநூல், வழக்காறு என்பவற்றைக் காட்டி அவர் வாதித்தவற்றுள் ஆராயத்தக்கன பல உண்டு. எனினும் தாம் இன்னார் என்பதனைத் தாமே கூறும் உரிமை ஒரு கூட்டத்தார்க்கு உண்டன்றோ? அக்கட்டுரை முஸ்லிம்கள் உள்ளத்தைப் புண்படுத்திற்று. 1889-இல் அரசாங்கத்தார் முஸ்லிம்கட்கும் கண்டிச் சிங்களர்க்கும் தனித்தனி ஆசனம் வகுத்தனர். ஐ. எல். எம். அப்துல் அசீஸ் என்னும் முஸ்லிம் அறிஞர் பின்னாளில், 1907-இல், மறுப்புநூல் ஒன்று வெளியிட்டார். 19 ஆண்டு கழித்தும் அப்புண் ஆறாதிருந்தது என்பது இதனாற் புலனாம்.

1892-இல் இராமநாதன் அவர்கள் சபையாசனத்தை விடுத்து, அரசாங்கத்துச் சொலிசிற்றர் ஜெனரல் பதவியை ஏற்று, 1906 வரை அதனை வகித்தார்கள். புறத்தே அலுவல் மிக்க இக்காலமே அகத்தே அவர் பெரிதும் முதிர்ந்த காலமாகும். தஞ்சையிலே இருந்த அருள்பரானந்த சுவாமிகளைக் குருவாகப் பெற்று, யோகஞானங்களிற் பயின்று வந்தார். அப்பயிற்சியின் பயனாக எழுந்த நூல்கள் நம்மனோர்க்கு வியப்பளிப்பன. ஸ்ரீ பரானந்தர் என்னும் பெயரால், மத்தேயு சுவிசேஷத்துக்கு 1898-இலும், யோவான் சுவிசேஷத்துக்கு 1902-இலும் அவர் கூறிய ஆங்கில விரிவுரைகள் இலண்டனிலே வெளிவந்தன. கிறிஸ்தவ வேதத்தை இகழ்ந்து மறுத்தல் ஒரு நெறி. அதனுள்ளே அநுபவஞானத்தின் சாயலைத் தேடிக் காட்டுதல் மற்றொரு நெறி. நாவலர் பெருமான், பாதிரிமார் சைவத்தை நிந்தித்த காலத்திலே, கண்டனநெறியைக் கைக்கொண்டார்கள். அக்காலத்துக்கு அது வேண்டியதாயிற்று. அவராற் சபைக்கு முன்னிறுத்தப்பெற்றவர் பிறிதொரு நெறியிற் சென்றார். கிறிஸ்தவர்க்கு அவர்தம் வேதத்தின் உட்பொருளை ஒரு சைவர் எடுத்துரைத்தல் தகுமோ என ஐயுறுவார் உளர். எனினும், இவ்விரிவுரைகளைக் கேட்டு எழுதிப் பதிப்பித்தவர், மேனாட்டிலிருந்து மெய்ப்பொருள் நாடி வந்த ஹரிசன் என்னும் மாதரசியார் ஆதலின், கேட்க விரும்பினார்க்கே அவை கூறப்பெற்றன என்பது நினைவில் இருத்தற்பாலது. அவ்வம்மையாரே பின்னர் லீலாவதி என்னும் பெயர் பூண்டு அவர்க்கு இரண்டாம் மனைவியாராயினர்.

1905, 1906-ஆம் ஆண்டுகளில் அவர் அமெரிக்க ஐக்கிய நாடு சென்று, பல ஊர்களிலே சொற்பொழிவாற்றினார். மேனாட்டவரிடை ஆன்மப் பண்பாடு என்னும் பொருள்பற்றி அவர் பேசியன 1906-இல் நியூயோர்க்கிலே நூலாயின. நாடு மீண்டபின், தந்தையார் எடுப்பித்த கொழும்புச் சிவாலயத்தைக் கருங்கற் றிருப்பணியாகப் புதுக்கத் தொடங்கி, 1907 முதல் 1912 வரை முயன்று முடித்தார். துறைமுகத்து இரைச்சலுக்கும் பண்டசாலைகளுக்கும் அணித்தே, தென்னாட்டுச் சிற்பமுறை வழுவாது, கருங்கற்றூண்களோடு நிற்கும் அவ்வாலயத்தை இன்றும் கண்டு வழிபடலாம். பகவற்கீதைக்குத் தமிழில் அவர் செய்த மொழிபெயர்ப்பும் விருத்தியுரையும் 1914-இல் வெளிவந்தன. செந்தமிழ் இலக்கணம் என ஓர் இலக்கண நூலும் அவர் இயற்றினார். ஆங்கிலத்திலே நாவலரென மதிக்கப்பெற்ற ஒருவர், மாணாக்கர்க்கென இலக்கண நூல் எழுத அமர்ந்தமையைத் தமிழ் கற்பிக்கும் எம்போலியர் நன்றியோடு நினைப்பர். 1904-இல் கொழும்பு ஆனந்தக் கல்லூரியிலே அவர் சிங்கள மாணாக்கரை நோக்கி, தம் தாய்மொழியைக் கைவிட்டு ஆங்கிலம் ஒன்றையே பேசித் திரிவார் தம் குலத்தன்மையை இழப்பர் என இடித்துரைத்த சொற்பொழிவும் இவ்வுள்ளத்தினின்று பிறந்ததே.

1910-ஆம் ஆண்டின் சீர்திருத்தத்தால், ஆங்கிலங் கற்ற இலங்கையர் வாக்களித்துத் தெரியும் ஆசனம் ஒன்று முதன்முறை வகுக்கப்பெற்றது. நாடு முழுவதற்கும் அஃது ஒன்றே. வாக்காளர் ஏறத்தாழ 3000 பேரே. 1911 இறுதியிலே நிகழ்ந்த அத்தேர்தலில் மார்க்கஸ் பெர்னாண்டோ என்னும் சிங்கள மருத்துவரை எதிர்த்து நின்று, இராமநாதன் அவர்கள் வெற்றி பெற்றார்கள். சிங்கள வாக்காளர் மிக்கிருந்த தொகுதியிலே தமிழர் ஒருவர் வென்றமையை ஒற்றுமையின் அடையாளமெனப் பலர் போற்றுவர். அது முழு உண்மையன்று. வேட்பாளராகிய சிங்களவர் கரையார் குலத்தவராதலின், கொய்கம குலத்தார் பலர் உயர்குலத் தமிழரையே விரும்பினர் என்பது சரித்திர ஆசிரியர் துணிபு. வெற்றியின் அடியிலே குலவேற்றுமை என்னும் கறை கிடந்தது. ஆயினும் அவ்வெற்றியாற் கிடைத்த ஆசனத்தை அவர் எவ்வாறு பயன்படுத்தினார் என்பதே நம் ஆராய்ச்சிக்குரியது.

1915-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் நாள், வைசாகப் பூரணையிரவு, கண்டி நகரிலே பௌத்தர் ஊர்வலம் வாத்திய ஒலியோடு பள்ளிவாசலின் முன்னே செல்லும்பொழுது கலகம் மூண்டது. அது தீப்போற் பரவி, முஸ்லிம்களுடைய கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் சூறையாடப்பட்டன, உயிர்ச்சேதமும் நிகழ்ந்தது. தேசாதிபதி சேர் றொபேட் சாமர்ஸ், ஜூன் 2-ஆம் நாள் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். ஐரோப்பாவிலே பெரும்போர் நடந்த காலமாதலின், இக்கலகத்தை அரசத் துரோகமென அதிகாரிகள் பிறழவுணர்ந்தனர். கலகம் அடங்கிய பின்னரும் இராணுவச் சட்டம் ஆகஸ்ட் மாத இறுதி வரை நீண்டது. முறையான நீதிமன்றங்கள் திறந்திருக்கவும், இராணுவ மன்றங்கள் மரணதண்டனை விதித்தன. ஹென்றி பெதிரிஸ் என்னும் இளைஞர் ஜூலை 7-ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். டீ. பீ. ஜயதிலக, டீ. எஸ். சேனநாயக்க, எப். ஆர். சேனநாயக்க முதலிய சிங்களத் தலைவர்கள் சிறையிடப்பட்டனர். சிங்களர்க்காகப் பேசுவார் வாயடைத்தனர். பேசுவோன் துரோகியெனப்படுவான் என்னும் அச்சம் நாட்டைக் கவ்விற்று.

அந்நிலையில் 64 வயதினராகிய இராமநாதன் அவர்கள் சபையிலே எழுந்தார்கள். அதிகாரிகள் செய்தவற்றுக்கு வழக்கு எழாதபடி காப்பளிக்கும் சட்டம் சபையிலே ஆராயப்பட்ட காலம் அது. அவர் வாதம் உணர்ச்சியைத் தூண்டும் வாதமன்று; சட்டத்தின் அடிப்படையை நாடும் வாதம். கலகம் வேறு, அரசத் துரோகம் வேறு. நீதிமன்றம் நடைபெறக்கூடிய நாட்டிலே, கலகம் தணிந்த பின், குடிமக்களை இராணுவ மன்றத்தில் நிறுத்துதற்கு ஆங்கிலச் சட்டம் இடந்தாராது. குற்றஞ்செய்தாரை முறைப்படி ஒறுத்தல் வேண்டும், குற்றஞ்செய்யாதாரை விடுவித்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். அரசாங்கத்தின் சட்டத் தலைமையிலே நெடுங்காலம் இருந்தவராதலின், அவ்வரசாங்கத்தின் நூலைக் கொண்டே அவ்வரசாங்கத்தை மடக்கினார். பெரும்பான்மை உத்தியோகத்தர் வாக்கால் நடந்த அச்சபையிலே அவர் வாதம் வெல்ல இயலாதென்பது அவரறிந்ததே. ஆகவே கப்பலேறி இலண்டன் சென்றார். நீர்மூழ்கிக் கப்பல்கள் பகைவர் கலங்களைத் தேடித் திரிந்த கடலில், முதியவர் ஒருவர், தம் இனத்தாரல்லாதார் பொருட்டுச் செய்த யாத்திரை அது. ஆங்கே குடியேற்ற நாட்டு அமைச்சினரைக் கண்டு முறையிட்டதோடு, கலகத்தின் வரலாற்றையும் இராணுவச் சட்டத்தின் கொடுமையையும் விரித்து ஒரு நூலெழுதி 1916-இல் வெளியிட்டார். ஈ. டபிள்யூ. பெரேரா முதலிய பிறரும் அக்காலத்து இலண்டனிலே உழைத்தனர். தேசாதிபதி சாமர்ஸ் 1915 இறுதியில் இலங்கையினின்று அகற்றப்பட்டார்.

வெற்றியோடு மீண்ட முதியவரை வரவேற்கத் துறைமுகத்திலே திரண்ட மக்கள், அவர் வண்டியிற் பூட்டிய குதிரைகளை அவிழ்த்துவிட்டனர். சிங்களப் பெருமக்களே வண்டியை வீதிவழி இழுத்துச் சென்றனர். இலங்கையிலே தமிழர் ஒருவர்க்குச் சிங்களர் அளித்த பெருமைகளுள் இதற்கு நிகர் யாதுமில்லை. இந்நிகழ்ச்சியைக் கூறுவார் பலர். அதன் மறுபக்கத்தைக் கூறுவார் சிலரே. கலகத்திற் பொருளும் உயிரும் இழந்தவர் முஸ்லிம்கள். 27 ஆண்டின் முன், அவர்கள் தமிழரே எனச் சாதித்தவர், அவர்கள் வீடிழந்த காலத்து அவர்க்காக அத்துணை உரக்கப் பேசினாரில்லை என அவர்கள் வருந்தினர். அவ்வருத்தத்தை நியாயமற்றதென ஒதுக்கல் இயலாது. இராணுவச் சட்டத்தாற் கொல்லப்பட்டார்க்கு நீதி கேட்டமை தவறன்று. ஒரே நாவால் இரு திறத்தார் துன்பத்தையும் அளந்து கூறியிருப்பின் அத்தூது மேலும் சிறந்திருக்கும்.

அரசியலோடு ஒருங்கே கல்விப்பணியும் நடந்தது. 1913 ஜனவரி மாதத்திலே யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் சைவப் பெண்மக்கட்கென இராமநாதன் கல்லூரியை நிறுவினார். சைவக்குடிப் பெண்கள் உயர்கல்வி பெறவேண்டின் கிறிஸ்தவப் பாடசாலையையே நாடவேண்டியிருந்த குறை அதனால் நீங்கிற்று. தங்கிக் கற்றற்குரிய மனையும், வழிபாட்டுக்குரிய இடமும், ஆங்கிலமும் தமிழும் சமயமும் ஒருங்கு பயிலும் முறையும் ஆங்கே அமைந்தன. லீலாவதி அம்மையார் அக்கல்லூரியைப் பன்னெடுங்காலம் பேணினார். 1921-இல் ஆண்மக்கட்கெனத் திருநெல்வேலியிலே பரமேசுவரக் கல்லூரி தோன்றிற்று. அவ்வாண்டிலேயே அவர்க்குச் சேர் பட்டமும் வந்தது.

இதற்கிடையே நாட்டரசியல் திசைமாறிற்று. 1917-இலும் கற்ற இலங்கையர் ஆசனத்துக்கு அவரே தெரியப்பெற்றார். 1919-இல் இலங்கைத் தேசிய காங்கிரஸ் தோன்றியபொழுது அதன் முதற்றலைவராயினார் தம்பியார் அருணாசலம் அவர்கள். மேல்மாகாணத்திலே தமிழர்க்கு ஓர் ஆசனம் தருவதாகச் சிங்களத் தலைவர் கொடுத்த வாக்குறுதி நிறைவேறாதொழிய, 1921-இல் அருணாசலம் அவர்கள் காங்கிரசை விட்டு விலகினார்கள். அவ்வண்டிப் பவனி நடந்து ஆறாண்டுகூட முழுதும் கழிந்ததில்லை. சிங்களரும் தமிழரும் இருவேறு கூட்டமாய்ப் பிரிந்து நின்றனர். 1924-இல் தம்பியார் சிவபதமடைந்தார்கள். அவ்வாண்டு தொடங்கி, தமையனார் வடமாகாணத்து ஆசனத்தை ஏற்று, முழு இலங்கைக்கும் பேசிய நா, தமிழர்க்கெனப் பேசும் நாவாயிற்று.

1927 இறுதியிலே டொனமூர்ப் பிரபுவைத் தலைவராகக் கொண்ட ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. 1928-இல் வெளிவந்த அதன் அறிக்கை இரண்டு பெருமாற்றங்களை விதித்தது. இனவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிதல் வேண்டும் என்பது ஒன்று. ஆண் பெண் இருபாலார்க்கும், கல்வி, செல்வம், குலம் என்னும் வேற்றுமை நோக்காது, வாக்குரிமை அளித்தல் வேண்டும் என்பது மற்றொன்று. இராமநாதன் அவர்கள் இரண்டனையும் எதிர்த்தார்கள். முன்னதனை எதிர்த்தமைக்குக் காரணம், எண்ணிக்கையே அதிகாரமாகுமாயின், சிறுபான்மையோர் எக்காலத்தும் பெரும்பான்மையோர் தயவிலே வாழ நேரும் என்னும் அச்சம். பின்னதனை எதிர்த்தமைக்குக் காரணம், கல்லாதார் கையிலும், தாழ்ந்தோர் எனச் சமூகம் ஒதுக்கியவர் கையிலும், பெண்கள் கையிலும் வாக்குரிமை சேருமாயின் நாட்டின் ஒழுங்கும் இல்லத்தின் ஒழுங்கும் நிலைகுலையும் என்னும் எண்ணம். 1929 டிசம்பர் 12-ஆம் நாள் சபையிலே வாக்கெடுத்தபொழுது, ஆதரித்தார் 19 பேர். எதிர்த்தார் 17 பேர். இரண்டே வாக்கு வேற்றுமையால் திட்டம் ஏற்கப்பெற்றது.

அவர் அம்மட்டில் அமையவில்லை. 1930-இலே, 79 வயதில், மீண்டும் கடல் கடந்து இலண்டன் சென்று, நீண்டதொரு விண்ணப்பத்தைக் குடியேற்ற நாட்டு மந்திரிக்குச் சமர்ப்பித்தார். முன்னைத் தூதிலே அவர்க்குத் துணைநின்ற சட்டநூல் இம்முறை துணை நிற்கவில்லை. ஏனெனின் வினா சட்டத்தைப் பற்றியதன்று. மந்திரியார் விண்ணப்பத்தை ஏற்கவில்லை. தோல்வியோடு நாடு மீண்டவர், அவ்வாண்டு நவம்பர் 26-ஆம் நாள் கொழும்பிலே தேகவியோகமாயினார். அடுத்த ஆண்டு, 1931 ஜூன் மாதத்தில், ஆசியாவிலே முன்மாதிரியாக, இலங்கையில் ஆடவரும் மகளிரும் ஒப்ப வாக்களித்த தேர்தல் நிகழ்ந்தது.

ஈண்டு நடுவுநிலைமையோடு ஆராய்தல் வேண்டும். அவர் அச்சங்களுள் முதலது பொய்யன்று. 1948-இல் இலங்கை விடுதலை பெற்ற அவ்வாண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம், மலைநாட்டுத் தோட்டங்களிற் பாடுபட்ட இந்திய வமிசத் தமிழர் மிகப்பலரை நாடற்றவராக்கிற்று. அடுத்து அவர்தம் வாக்குரிமையும் பறிபோயிற்று. அந்நாள் முதன்மந்திரியாய் இருந்தவர், 1915-இற் சிறையிடப்பட்டு, இராமநாதன் அவர்களாலே வழக்குரைக்கப்பெற்ற தலைவர்களுள் ஒருவராகிய டீ. எஸ். சேனநாயக்க அவர்களே. 1956-இற் சிங்களம் ஒன்றே ஆட்சிமொழியாயிற்று. அதன்பின் அந்நாடு கண்ட குருதியும் கண்ணீரும் யாவரும் அறிவர். முதியவர் 1930-இலே கண்ட இடர் கற்பனையன்று என்பதற்குக் காலமே சான்று பகர்ந்தது.

அவர் கூறிய மருந்தோ நோய்க்கு ஏற்றதன்று. மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் நிலையையே எடுத்து நோக்குக. அவர்க்கு வாக்கு இருந்த காலத்து, அவர் தெரிந்தனுப்பிய அங்கத்தவர் 1947-இலே பாராளுமன்றத்திற் புகுந்தனர். வாக்குப் பறிக்கப்பட்ட பின், 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் குரல் ஒடுங்கிற்று. நல்லோர் சிலர் அவர்க்காகப் பேசினாரேனும், அப்பேச்சு வாக்கின் இடத்தை நிரப்பவில்லை. தாழ்ந்தோர்க்கும் மகளிர்க்கும் கற்றோரே பேசுதல் சாலும் என 1930-இற் கருதிய பெரியாரின் கொள்கை பொருந்தாதென்பதனை, அவர் அஞ்சிய தீங்கே விளக்கிக் காட்டிற்று.

நம் சித்தாந்தமும் இதனையே வற்புறுத்தும். ஆன்மா இச்சை, அறிவு, செயல் என்னும் மூன்றும் உடையது. ஆண், பெண், குலம் என்பன உடம்பைப் பற்றியன. ஆன்மாவைப் பற்றியன அல்ல. கண்ணுக்கு உயிர் காட்டியும் உடனின்று கண்டும் உதவுதல் போல, உயிர்க்கு இறைவன் காட்டும் உபகாரமும் காணும் உபகாரமும் செய்து நிற்கின்றான். அங்ஙனம் உதவும் முதல்வனும், உயிரின் இடத்திலே தான் புகுந்து, உயிர் அறியவேண்டியதனை அதற்கு மாறாகத் தானே அறிந்து முடித்துவிடுவதில்லை. உயிர் தானே அறிந்து தானே அநுபவித்துப் பக்குவமடையுமாறு அருள்கின்றான். எல்லாம் வல்ல இறைவனே மேற்கொள்ளும் முறைமை அஃதாயின், பிறர்பொருட்டு வழக்குரைக்கும் மாந்தர் அதனைக் கடத்தல் யாங்ஙனம்? பேச மாட்டாதார்க்குப் பேசுதல் உபகாரம். பேச வல்லவராக்குதல் அதனினும் பெரிய உபகாரம். பேச வல்லாரைப் பேசவிடாது தடுத்தல் உபகாரமாகாது.

இவ்வுண்மையை இராமநாதன் அவர்கள் சொல்லால் மறுத்தாரேனும் செயலால் மறுக்கவில்லை என்பதே இச்சரிதத்தில் யாம் கண்டு மகிழும் செய்தி. பெண்கட்கு வாக்கு வேண்டாவென வாதித்தவர், அவ்வாதத்துக்கு 17 ஆண்டின் முன்னரே, பெண்கள் கற்றுத் தெளிந்து தாமே பேசுதற்குரிய கல்விச்சாலையை எடுப்பித்திருந்தார். எழுதக் கற்ற பெண், தன் வாக்குச்சீட்டையும் தானே எழுதுவாள் என்பதனை அவர் எண்ணினாரோ இலரோ, விதைத்தவர் அவரே. பரமேசுவரக் கல்லூரி எழுந்த இடம் 1974-இலே பல்கலைக்கழக வளாகமாயிற்று. இன்று அஃது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். அதன் நடுவே பரமேசுவரன் ஆலயம் திகழ்கின்றது. மருதனார்மடத்திலே அவர் பெயர் தாங்கிய நுண்கலை நிலையமும் இசையும் நடனமும் பயிற்றி வருகின்றது. எக்குலத்தாரும் இருபாலாரும் அப்பல்கலைக்கழகத்திலே ஒருங்கிருந்து கற்கின்றனர்.

திருமடங்களிலும் சபைகளிலும் பிறர்க்கெனப் பேசும் பொறுப்புப் பூண்ட அன்பர்கள் இச்சரிதத்தின் இரு பகுதியையும் உளங்கொளல் வேண்டும். 1915-இன் இராமநாதனைப் போல, அயலார்க்கு இடர் வந்தவிடத்தும் அஞ்சாது எழுந்து நிற்றல் நம் கடன். 1930-இன் இராமநாதனுக்கு வாயாத தெளிவை, அஃதாவது யாம் எவர்க்காகப் பேசுகின்றோமோ அவரும் ஒருநாள் எழுந்து பேசுதற்கு இடம் விட்டு நிற்றலை, அவர் சரிதத்தினின்றே கற்றலும் நம் கடன். பெரியோரைப் போற்றுதல் என்பது அவர் வென்ற இடத்தை மட்டும் பாடுதலன்று. அவர் நின்ற இடத்தினின்று ஓரடி முன்னே செல்லுதலும் ஆம். அம்பலவாணர் திருவருள் அதற்குத் துணை நிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.